மூன்று மாதம் தள்ளிக் கிடைத்த மலிவு டிக்கெட்

போன வருஷம் ஆவணி மாதம். பெங்களூரு ஏர்போர்ட்டில் ஒரு கையில் என் பையும் இன்னொரு கையில் அப்பாவின் பையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். டிக்கெட் இரண்டு பேருக்கு வாங்கியிருந்தேன். வந்தது நான் மட்டும்.

அப்பா லாரி டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மும்பைக்குப் போவார். நாமக்கல்லில் எங்கள் வீதியில் பாதி ஆண்கள் லாரியில்தான் இருப்பார்கள். லைனுக்குப் போயிருக்கிறார் என்போம். போனால் பத்து நாள், சில சமயம் இருபது நாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா எனக்குப் பெரும்பாலும் ஒரு குரல்தான். அம்மா பேசி முடித்துவிட்டு போனை என்னிடம் கொடுப்பார். நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"தும்கூர் தாண்டிட்டேன் சாமி."

அடுத்த நாள் ஹூப்ளி. அதற்கடுத்து பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே. எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. வாய்ப்பாடு கூட இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த ஊர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவேன்.

சர்க்கரை வந்து அப்பாவுக்குக் கண் மங்கியது. வண்டியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அவரை நான் தினமும் பார்த்தது அந்த இரண்டு வருஷம்தான். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். அம்மா கொடியில் துணி காயப்போட்டால் கூடவே போய் நின்று, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி கொடிக்கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டுவார். மேலே விமானம் போனால் அது மறைகிற வரைக்கும் அண்ணாந்து நிற்பார்.

ஒருநாள் சொன்னார். "ஒருக்கா மேல இருந்து அந்த ரோட்டைப் பாக்கோணும் சாமி. இத்தன வருசம் அது மேல எறும்பாட்டம் ஊந்துட்டே போனேன். முழுசா எப்படி இருக்குதுன்னே தெரியாது."

நான் முட்டை ஷெட்டில் வேலை செய்கிறேன். உடைந்த முட்டையைக் கழித்துவிட்டு மற்றதை அட்டையில் அடுக்குகிற வேலை. அந்த வைகாசியில் என் போனில் ஒரு விளம்பரம் வந்தது. பெங்களூரிலிருந்து மும்பைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான். என் சம்பளத்தில் அப்பாவை விமானத்தில் ஏற்ற முடியும் என்று அதுவரைக்கும் நான் நினைத்ததே இல்லை. போகும்போது விமானம், மும்பையில் ஒருநாள் கடல் பார்ப்பது, திரும்பும்போது ரயில். மனதுக்குள் எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் அப்பாவிடம் போனைக் காட்டினேன்.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏன் சாமி, ஏத்துக்கூலி எறக்குக்கூலி எல்லாம் இதுலயே சேந்துதானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அழுத்தி அழுத்திப் போகப் போகத்தான் தெரிந்தது. பெட்டி போட்டால் தனிக் காசு. ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு. சாப்பாடு தனி. கடைசியில் என்னவோ ஒரு கட்டணம், அது எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா விடவில்லை. கோயமுத்தூரிலிருந்து போவது என்ன விலை என்று பார்க்கச் சொன்னார். அது வேறு கம்பெனி. பெட்டியும் சாப்பாடும் சேர்ந்தே இருந்தது. பார்த்தவுடனே விலை ஜாஸ்தியாகத் தெரிந்தது. அப்பா கேலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுத ஆரம்பித்தார். பெங்களூரு வரைக்கும் பஸ், அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு இன்னொரு பஸ், வழியில் டீ டிபன். எல்லாம் கூட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"வாடகைய மட்டும் பாக்காத சாமி. ஏத்துற எடத்துல இருந்து எறக்குற எடம் வரைக்கும் பாரு."

"இதுதாங்கப்பா கம்மி. ஷெட்டுல அக்காங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க."

"செரிங்க மொதலாளி. நான் டிரைவரு. நீங்க சொன்னபடி ஓட்டறனுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தக் குறைந்த விலையை விட மனசில்லை. பெட்டி வேண்டாம், கைப்பை போதும் என்று முடிவு செய்தோம். ஜன்னலுக்கு மட்டும் காசு கட்டினேன்.

அப்புறம் தேதி. அந்த விலை மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் இருந்தது. அப்பா கேட்டார், "அடுத்த வாரமே போக முடியாதா?"

அடுத்த வாரத்தை அழுத்திப் பார்த்தேன். இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. "ஆவணியில போலாங்கப்பா. எதுக்கு வீணா காசு?"

கணக்கு எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "செரி. மூணு மாசம் என்ன, நாலு நடை லைனுக்குப் போய்ட்டு வந்தா ஓடிரும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே பையைக் கட்டிவிட்டார். லைனுக்குப் போகும் டிரைவர்களுக்கு அது பழக்கம். கூப்பிட்டவுடனே கிளம்ப வேண்டும், அதனால் பை எப்போதும் ஆணியில் தயாராகத் தொங்கும். ஒரு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு டப்பா, பழைய காக்கிச் சட்டை. விமானத்தில் போக எதற்குங்கப்பா காக்கி என்று கேட்டேன். "மேல இருந்து பாக்கறதும் நம்மாளுன்னு கீழ ஓட்டறவனுக்குத் தெரியோணுமில்ல" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சிரித்தேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. டிக்கெட்டுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்று விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பெயர் மாற்ற முடியாது என்றார்கள். இறந்ததற்கான சான்றிதழ் அனுப்பினால் பணம் திரும்பத் தருவதைப் பார்க்கலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அப்பா இல்லை என்கிற காகிதத்தை ஒரு டிக்கெட்டுக்காக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆணியில் அந்தப் பை தொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாதான் சொன்னார்.

"அவரு கட்டி வெச்ச பைய நான் பிரிக்க மாட்டேன். நீ கொண்டு போய்ட்டு வா."

அப்படித்தான் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என்னை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். பெங்களூர்த் தமிழில் பேசினார். இன்னொரு பேசஞ்சர் எங்கே என்று கேட்டார். வரவில்லை என்றேன். அப்படியென்றால் ஒரு பைதான் கையில் கொண்டுபோகலாம், இன்னொன்றுக்குக் காசு கட்ட வேண்டும் என்றார்.

"அவருக்கும் டிக்கெட் எடுத்திருக்குதுங்க. அது அவரு பைங்க."

"ஆள் வந்தாத்தான் மேடம் அவங்க பை."

அவர் மேல் தப்பில்லை. சொன்ன காசு என்னிடம் இருந்தது. இருந்தாலும் கட்ட மனசு ஒப்பவில்லை. அப்பா பைக்கு ஏற்றுக்கூலியா என்று இருந்தது. ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, அம்மா பிரிக்க மாட்டேன் என்ற பையை நான் பிரித்தேன். லுங்கியும் சோப்பு டப்பாவும் என் பைக்குள் போனது. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காக்கிச் சட்டைக்கு இடமில்லை. சுடிதார் மேலேயே போட்டு பொத்தானையும் மாட்டினேன். சட்டைக் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. வெறும் பையை மடித்துச் சொருகிக்கொண்டு திரும்பப் போய் நின்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். எடை போடாமலே போர்டிங் பாஸை நீட்டினார்.

விமானத்தில் அப்பாவுக்கு ஜன்னல், எனக்கு நடு சீட்டு. நான் என் இடத்திலேயே உட்கார்ந்தேன். ஓரத்து சீட்டுக்கு ஆத்தூர் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். மும்பையில் மகளுக்குப் பேறுகாலம், மருமகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தாராம். அவருக்கும் முதல் தடவை. உட்கார்ந்ததும் என் சட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆட்டோ ஓட்டுறியா?"

"இல்லீங்க. முட்டை அடுக்கறனுங்க."

"முட்டை அடுக்கறதுக்கா காக்கி குடுக்கறாங்க?"

எனக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. அந்த அம்மா ஜன்னலை எட்டிப் பார்த்தார். "அந்த சீட்டுக்கு ஆரும் வரலியா?"

"ஆள் இருக்குதுங்க" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வரலியேம்மா. காசு குடுத்து வாங்குன சீட்டு, காலியாப் போவுது பாரு."

அந்தக் காலி என்ற சொல் எனக்குள் என்னவோ செய்தது. அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது காலி வண்டி ஓட்டுவதுதான். மும்பையில் மூட்டையை இறக்கிவிட்டு, திரும்ப லோடு கிடைக்கும் வரை மூன்று நாள் ஆனாலும் காத்துக்கிடப்பார். நாங்கள் இங்கே அவருக்காகக் காத்துக்கொண்டிருப்போம். காலியாக வந்திருந்தால் அந்த மூன்று நாள் முன்னால் வீட்டில் இருந்திருப்பார். அதற்காக எத்தனை தடவை அழுதிருக்கிறேன். அப்படிப்பட்டவர் சீட்டை அவர் பெயரைச் சொல்லியே காலியாகக் கொண்டுபோகிறேனே என்று பட்டது. தள்ளி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அந்த அம்மா நடு சீட்டுக்கு வந்தார். என் அப்பா சீட்டு இது என்று மெதுவாகச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையைப் பிடித்து, தொங்கிக்கொண்டிருந்ததை மணிக்கட்டு வரைக்கும் மடித்துவிட்டார்.

மேலே ஏறியதும் ஒரே மேகம். ஆவணி மழைக்காலம் என்பதை டிக்கெட் வாங்கும்போது நான் யோசிக்கவே இல்லை. வைகாசியில் போயிருந்தால் ஒருவேளை வெளுத்த வானமாக இருந்திருக்கும். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் புளிசாதம் கட்டியிருந்தார். ஒன்றை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார். நான் கண்ணை எடுக்கவில்லை.

பாதி வழி தாண்டியிருக்கும். திடீரென்று மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. கீழே பச்சை. பச்சைக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு ரோடு. அதன் மேல் புள்ளி புள்ளியாக என்னவோ நகர்ந்தது. லாரியா, வேறெதுவுமா, தெரியவில்லை. நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவும் என் தோள் மேல் சாய்ந்து பார்த்தார். "இது எந்த ஊரும்மா?"

எனக்கு எல்லா ஊரும் தெரியும். தும்கூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே. வரிசையாகத் தெரியும். ஆனால் கீழே இருப்பது அதில் எது என்று தெரியவில்லை. நான் ஊர்ப்பெயர்களை மட்டும்தான் கேட்டு வைத்திருந்தேன். பார்த்தது அவர். அந்த வளைவைப் பார்த்ததும் இது இன்ன இடம், இங்கே டீ நன்றாக இருக்கும், இங்கே ஒரு தடவை டயர் வெடித்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் இல்லை. "தெரியலைங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

மும்பையில் இறங்கி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ரோடு தெரிஞ்சுதா கண்ணு?"

"தெரிஞ்சுதும்மா" என்றேன். அம்மா அழுகிறார் என்று தெரிந்தது. நான் கடலுக்குப் போகவில்லை. ரயில் கிளம்புகிற வரைக்கும் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஷெட்டில் யாருக்காவது விமான டிக்கெட் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள். இந்த மலிவு விமானம் நிஜமாகவே மலிவா என்று கேட்கிறார்கள். சில சமயம் மலிவுதான். பை, சீட்டு, சாப்பாடு, பஸ் எல்லாம் கூட்டிப் பாருங்க, ஏத்துற எடத்துல இருந்து எறக்குற எடம் வரைக்கும் பாருங்க என்று சொல்கிறேன். அப்புறம் யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க என்று கேட்கிறேன். அம்மாவை, அப்பாவை என்று சொன்னால், தள்ளிக் கிடைக்கிற தேதியை நான் காட்டுவதே இல்லை. அடுத்த வாரத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அந்தப் பை திரும்ப அதே ஆணியில்தான் தொங்குகிறது, காக்கிச் சட்டை உள்ளே இருக்கிறது. துணி காயப்போடும்போது வீட்டுக்கு மேலே விமானம் போனால் அது மறைகிற வரைக்கும் நானும் அண்ணாந்து நிற்கிறேன், எங்கப்பா இருக்கீங்க என்பது வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.