போல்ட்டைச் சுற்றிய செந்தூள்

நான் வேலை பார்க்கும் ராமேஸ்வரம் ஐஸ் கம்பெனிக்கு ஒரு நாள் எந்திரம் பார்க்க ஒரு ஃபிட்டர் வந்தார். ஒல்லியான மனிதர், காது மந்தம். எந்த எந்திரத்தையும் உள்ளங்கையை வைத்துத்தான் கேட்பார்.

ஐஸ் உறையவைக்கும் அம்மோனியா கம்ப்ரஸரின் அடியில் வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. போல்ட்டுகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தது.

“துருதானேண்ணே?” என்றேன் உரக்க.

“போல்ட்டு இளகி, ரெண்டு இரும்பும் உரசி உதிர்ற பொடி தம்பி. அந்த உரசல்தான் இம்புட்டு நாளும் ஆட்டத்தை அடக்கி வச்சிருக்கு. வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்க, தெரியும்.”

கொஞ்சம்தான் கூட்டினேன். அதிர்வு ஒரேயடியாக எகிறி, மேலே கேஸ் குழாய் நடுங்கியது. அவரே பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

“கடலுக்குப் போற போட்டெல்லாம் ஐஸுக்கு நிக்கிது, ஓட்டுங்க” என்றார் முதலாளி.

ஃபிட்டர் ஒரு போல்ட்டில் ஸ்பானரை வைத்துத் திருப்பினார். தலை முறிந்து கையோடு வந்தது.

“மத்த ஏழும் எப்படி இருக்கோ தெரியாது. குழாய் ஒடஞ்சா அந்த விஷக் கேஸு தெருவுக்கு வரும். ஓட்டுனா நான் இங்கன நிக்க மாட்டேன்.”

முதலாளி அடங்கிப்போனார். எட்டையும் மாற்றி, மறுபடி ஓட்டி, கை வைத்துப் பார்த்துவிட்டு, “இப்பச் சரி” என்றார் ஃபிட்டர்.

ஆனால் நாங்கள் கொடுத்த டீயை உள்ளே குடிக்காமல், தெருக்கோடி வரை எடுத்துப்போய் நின்று குடித்தார். ஏனென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில்தான் தினமும் நிற்கிறேன்.