பாலையாவும் நாற்பத்தொரு கடல்குதிரைகளும்

பாலையா அண்ணன் மறுபடியும் ஓடை தூர்வாரும் வேலைக்கே போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயதில், இடுப்பளவு சேற்றில். ஏன் என்று கேட்கிறவர்களிடம், "அங்கெ சூப்பர்வைசர் நல்ல மனுஷன்" என்கிறார். சுத்தப் பொய். அந்த சூப்பர்வைசரின் லட்சணம் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் நான் ஒருத்தி. ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

என் பெயர் மஞ்சுஷா. கொச்சங்காடிப் பக்கம் ஒரு பழைய சுக்குக் கிட்டங்கிக்கு வெள்ளையடித்து ஒரு டிரஸ்ட்காரர்கள் மீன் காட்சியகம் நடத்துகிறார்கள். அங்கே டிக்கெட் கொடுக்கிறவள். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அந்த வேலைகளையும் என் தலையிலேயே கட்டுவார்கள். பாலையா அண்ணன் அங்கே பதினோரு வருஷம் இருந்தார். தொட்டி கழுவத்தான் எடுத்தார்கள். அவருடைய தாத்தா நகராட்சித் துப்புரவு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அப்பாவும் அதே வேலை. இவரும் முப்பது வயதில் ஓடையில் இறங்கியவர். வீட்டில் பேசுவது தமிழ், எழுதப் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும்.

மீன் காட்சியகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தும், எங்கள் பகுதி ஆட்கள் மத்தியில் அவருக்கு 'ஓடைப் பாலையா' என்றுதான் பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவன்கூட வாசலில் நின்று, "ஓடைப் பாலையா வீடு இதுதானே?" என்று கேட்பான். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போர்ட் கொச்சியில் யாருடைய வலையிலோ சிக்கிய ஒரு ஜோடி கடல்குதிரைகளை வனத்துறை கைப்பற்றி, வளர்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தது. கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமந்து குஞ்சு பொரிக்கும். ஒவ்வொரு தடவையும் நூறு, இருநூறு குஞ்சுகள் வெளியே வரும். பத்து நாள் தாண்டாமல் எல்லாம் செத்துப்போகும். ஏழு தடவை இப்படி ஆனது. எங்கள் பொறுப்பாளர் டாக்டர் விஸ்வநாத் சார் உப்பை அளந்தார், சூட்டை அளந்தார், அறிக்கை எழுதினார். பாலையா அண்ணன் தொட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிப் போகின்றன. விளக்கு மேலே இருப்பதால் மேலே வந்து, தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. காற்றை விழுங்கிய குஞ்சு அதன் பிறகு கீழே இறங்க முடியாமல் மிதந்தே சாகிறது. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது என்று சார் பிற்பாடு சொன்னார். இருந்து என்ன புண்ணியம், ஏழு தடவையும் அந்தப் புத்தகம் அலமாரியில்தானே இருந்தது? எட்டாவது தடவை அண்ணன் தன் பழைய குடையைப் பிரித்து, அந்தக் கறுப்புத் துணியால் தொட்டியின் மேல்பாதியை மூடினார். விளக்கைக் கீழே பக்கவாட்டில் வைத்தார். காற்று பம்ப்பின் குழாயை நசுக்கி, தண்ணீர் மெல்லச் சுழன்று குஞ்சுகளை மேலே தேங்கவிடாமல் செய்யும்படி விட்டார். வேலை தொடங்கும் முன்பே படகுத்துறைப் பக்கம் போய் வேட்டித்துணியால் பொடி இறால் வடிகட்டி வந்து தீனி போட்டார். பத்தாம் நாள் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. நாற்பத்தொரு குஞ்சுகள் உயிரோடு இருந்தன. நாள் தவறாமல் எண்ணி, என் கவுண்டரில் வந்து சொல்லிவிட்டுப் போவார். "மஞ்சு, இன்னும் நாப்பத்தொண்ணு." அதைச் சொல்லாமல் சாயா குடிக்கப் போகமாட்டார்.

அப்போதுதான் அந்த மாநாடு வந்தது. உலகத்தில் எங்கெங்கோ உள்ள மிருகக்காட்சி சாலைகள், மீன் காட்சியகங்களில் அழிந்துவரும் உயிர்களைக் காப்பாற்றுகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் கூடிப் பேசும் மாநாடு. விஸ்வநாத் சார் கடல்குதிரை பற்றிப் பேச எழுதிப் போட்டிருந்தார், எடுத்துக்கொண்டார்கள். அவர் பேசி முடித்ததும், குஞ்சுகளை வளர்த்தவரே ஐந்து நிமிஷம் நேரலையில் வந்து காட்டவும் இடம் கொடுத்தார்கள்.

சார் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாலக்காட்டுக்காரர், எர்ணாகுளத்தில் பிளாட். ஓணத்துக்கு எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்துத் தருவார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வசை வைதுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"பாலையா, லோகம் முழுக்க உன்னைப் பார்க்கப் போறது, கேட்டியா?" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் அறியாதே சார்."

"வேண்டாமே. உன் பேரு சொல்லு, நான்தான் வளர்த்தேன்னு சொல்லு. பாக்கி நான் சொல்லிக்கறேன்."

இரண்டே வாக்கியம். நான்தான் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மை நேம் இஸ் பாலையா. ஐ க்ரோ தீஸ் பேபீஸ். நான்கு நாள் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தார். தொட்டி கழுவும்போதும் அதுதான், சைக்கிளிலும் அதுதான். அவர் மனைவி சரோஜம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மாநாட்டு அன்றைக்கு அவள் வீட்டில் போனைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'ஓடைப் பாலையா' என்று கூப்பிட்ட வாய்களும் அதில் இருந்தன.

அது குஞ்சுகளின் பத்தொன்பதாவது நாள். மார்ச் மாதத்து மதியம், வெக்கை தாங்கவில்லை. பெரிய தொட்டியில் கேமராவுக்குக் குஞ்சுகள் தெரியவில்லை என்று, சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்கு மாற்றச் சொன்னார் சார். அண்ணன் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் முகந்து மாற்றினார். கறுப்புத் துணி படத்தில் அசிங்கமாக இருந்தது, எடுத்தாயிற்று. இருட்டாக இருந்தது, மேலே ஒரு விளக்கு வைத்தாயிற்று. கடைசியில், எங்கள் முறையான மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பம்ப்.

"அந்தச் சத்தம் மைக்கிலே விழறது பாலையா. ஒரு இருவது நிமிஷம் ஆஃப் பண்ணு. அதுக்குள்ளே ஒண்ணும் ஆயிடாது."

அண்ணன் தொட்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. புது முண்டு. "இருபது நிமிஷம்தானே சார்?" என்று கேட்டுவிட்டுத் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார்.

எங்களுக்கு முன்னால் பனிக்கரடி பற்றிப் பேச ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் பேச்சு முடியவில்லை. எத்தனை கரடிகளோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் காட்டினார். மூன்றேகாலுக்கு அண்ணன் என் காதருகே குனிந்தார். "பம்ப் போடட்டா மஞ்சு?" நான் சாரைப் பார்த்தேன். சார் கையைக் காட்டி, இரு என்றார். மூன்று இருபதுக்குத்தான் சார் பேசத் தொடங்கினார். அவர் காட்டிய படங்களில் ஒன்றில் அண்ணனுடைய கை இருந்தது. கிண்ணத்தைப் பிடித்த கை மட்டும், மணிக்கட்டுக்கு மேலே வெட்டியிருந்தார்கள்.

மூன்றரைக்குக் குஞ்சுகள் மேலே வரத் தொடங்கின. முதலில் நாலைந்து. பிறகு கூட்டமாக. விளக்கின் நேர்கீழே வந்து மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அது என்ன என்று அந்த அறையில் அண்ணனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அவர் எழுந்தார்.

நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தேன். "அண்ணா, அடுத்தது நம்மதான். இப்ப எழுந்தா படத்துல விழும்" என்றேன். இந்தக் கையால்தான் அழுத்தினேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு பலமானவர். என் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. உட்கார்ந்து, உதட்டுக்குள்ளேயே அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று நாற்பத்தைந்துக்கு மாநாட்டை நடத்திய பெண்மணி சிரித்தபடியே, நேரம் போய்விட்டது, ஒரே ஒரு நிமிஷம்தான் தரமுடியும் என்றார். நான் கேமராவைத் திருப்பினேன். திரையில் அண்ணன் முகம் வந்தது. "மை நேம் இஸ் பாலையா" என்றார். "ஐ க்ரோ தீஸ் பேபீஸ்."

பிறகு தொட்டியைக் காட்டினேன். நாற்பத்தொன்றும் மேலே, விளக்கு வெளிச்சத்தில், தலையைத் தூக்கித் தூக்கி அசைந்துகொண்டிருந்தன. திரையின் ஓரத்தில் இதயங்கள் பறந்தன, கைதட்டும் படங்கள் பறந்தன. எவ்வளவு சுறுசுறுப்பு என்று ஒருவர் எழுதினார். நடனமாடுகின்றன என்று இன்னொருவர் எழுதினார். நாற்பது நாட்டில் மீனையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட, அந்தப் பம்ப்பைப் போடுங்கள் என்று எழுதவில்லை.

படம் அணைந்த நொடியில் அண்ணன் பாய்ந்து சுவிட்சைப் போட்டார். விளக்கைப் பிடுங்கினார். சட்டைக் கையோடு தண்ணீரில் கைவிட்டுக் குஞ்சுகளைக் கீழே அழுத்தி அழுத்தி விட்டார். விட்டதும் மிதந்து வந்தன. அந்தச் சாயங்காலமே இருபத்தெட்டு போயின. மறுநாள் பதினொன்று. கடைசி இரண்டு வியாழக்கிழமை வரை கிடந்தன. அண்ணன் தினமும் வழக்கம்போல என் கவுண்டருக்கு வந்து எண்ணைச் சொன்னார். வியாழக்கிழமை வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே அழுதார். அழுது முடித்து முகம் கழுவிவந்து, "இதை வெளியே சொல்லவேண்டாம், கேட்டியா மஞ்சுஷா. அடுத்த ஈற்று வரும், அப்போ பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த ஈற்று வந்தது. அதற்குள் பாலையா அண்ணன் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒன்றும் தேறவில்லை.

மூன்று மாதம் கழித்து மாநாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. சிறந்த நேரலைக் காட்சி. வெட்டாமல் குறைக்காமல் பாலையாவின் பெயர் நடுவில் இருந்தது. சார் அதற்குச் சட்டம் போட்டு, என்னிடம் கொடுத்து அனுப்பினார். கொண்டுபோக எனக்கு மனசே இல்லை. ஆனால் போனேன்.

குஞ்சுகள் செத்தது சரோஜம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் சொல்லியிருக்கவில்லை. அவள் சான்றிதழை வாங்கி முந்தானையால் துடைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அங்கே எனக்கு முன்பே பக்கத்து வீட்டுக் கமலாக்ஷியும் அவள் சம்பந்திகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப ஆரும் ஓடைப் பாலையான்னு சொல்றதில்ல மஞ்சு. கடல்குதிரப் பாலையான்னுதான் பேரு" என்றாள் சரோஜம்மா. "இரி, வந்தவங்களுக்குப் படம் காட்டட்டே." அன்றைய மாநாட்டுக் காட்சியைப் பதிந்துவைத்திருந்த போனை எடுத்தாள்.

அண்ணன் எழுந்து கொல்லைப்புறம் போனார். காலில் ஓடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் பின்னாலேயே போனேன். என் வயிற்றெரிச்சலை எல்லாம் அங்கே கொட்டினேன். சார்தான் காரணம், அந்தக் கரடிக்காரன்தான் காரணம், உங்களைப் பிடித்து உட்காரவைத்த நான்தான் காரணம் என்றேன். என்னைத் திட்டுங்கள் அண்ணா என்று கெஞ்சவே செய்தேன்.

அவர் குழாயைத் திறந்து காலைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"சுவிட்ச் என் கை எட்டுற தூரத்துலதான் இருந்துது மஞ்சு" என்றார். "அதுங்க மேல வர்றத நான் பாத்தேன். எனக்கு அறியும். பேரச் சொல்லிட்டுப் போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

உள்ளே சரோஜம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "பாருங்க, எப்படித் துள்ளுதுங்க!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மை நேம் இஸ் பாலையா என்று போன் மறுபடியும் சொல்லத் தொடங்கியது.