மன்றாட்டில் விடுபட்ட பெயர்

எங்கள் பங்கு ஆலயத்தில் ஞாயிறு தமிழ்த் திருப்பலியில் வாசிக்கும் மன்றாட்டுகளை, துயரப்படுவோருக்கான வேண்டுதல்களை, நான்தான் எழுதுவேன். அதற்காகக் கைப்பேசியில் போர், நிலநடுக்கம் என்று செய்தி தேட ஆரம்பித்தேன். பிறகு நிறுத்தவே முடியவில்லை. சோறு இறங்காது, எந்நேரமும் படபடப்பு.

ஒரு சனிக்கிழமை காலை, பொங்கோலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் கணவர், "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்றார்.

"இருங்க, வெள்ளத்துல எத்தனை பேர் போயிட்டாங்கன்னு பாத்துட்டு வர்றேன்." நான் தலைநிமிரவில்லை.

சற்று நேரம் கழித்து, "என் பேரையும் எழுதிக்க லா. அப்பவாவது பாப்ப" என்றார்.

நிமிர்ந்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆம்புலன்சை அழைத்தேன். மாரடைப்பு, மயிரிழையில் பிழைத்தார்.

இப்போது மன்றாட்டுக்குக் காலை நாளிதழ் மட்டும்தான். அதைப் பிரிக்குமுன் அவரிடம், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். "நல்லா இருக்கேன்" என்பார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.