கண்ணாயிரத்தின் காரும் ஞாயிற்றுக்கிழமைகளும்

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வெல்ல மண்டியிலிருந்து முனிரத்தினம் வந்து வாசலில் நின்றார். திருப்பதிக்குக் கல்யாணத்துக்குப் போன முதலாளி கண்ணாயிரம் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்றார். நான் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. இந்த நினைவு மலருக்கு இதை எழுதும் இன்றைக்கும் வரவில்லை. கண்ணாயிரத்தோடு எல்லைக் கூட்டங்களில் உட்கார்ந்த நண்பர்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். மரத்துப்போய் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அவருடைய காரை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாரநாட்களில் அதில் வெல்லம் ஏறும், ஞாயிற்றுக்கிழமை நாம் ஏறுவோம். ஆந்திரா தனி மாநிலமாகி, நம் சித்தூர்ப் பக்கத்து ஊர்கள் எந்த மாநிலத்தில் சேருவது என்ற தகராறு கிளம்பியிருந்த சமயம் அது. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று தமிழர் ஊர்களில் கூட்டம் போட அந்த வண்டியில்தான் சுற்றினோம். இறங்கும்போது வேட்டியில் பாகு ஒட்டியிருக்கும். எறும்பும் கூடவே இறங்கும். ஒரு கூட்டத்தில் கல்லெறி விழுந்து, கண்ணாயிரம் தலையில் தையலோடு வீட்டுக்குப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து காரின் தரைத் தகட்டு இடுக்குகளில் இறங்கிவிட்டது. ஈரம் காயவே இல்லை. துரு ஏறிய இடத்தில் கோணியை விரித்து, அதன்மேல் தாரை ஊற்றி மூடினார் கண்ணாயிரம். மேலே பார்த்தால் புதுத் தரை. நாமும் மெச்சினோம். தலையில் தையல் பிரித்த கொஞ்ச நாளில் அவர் மனைவி ராஜேஸ்வரியை நகரியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்று கிளம்பினோம். வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தபோது தரை விட்டுப்போய், அந்த அம்மாளின் கால் முழங்கால் வரை கீழே இறங்கிவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. இன்றைக்கும் சாய்த்துத்தான் நடக்கிறார். அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவளை இதே வண்டியில் உட்கார வைக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று கண்ணாயிரம் என்னிடம் சொன்னார். காரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, உளியால் தாரைப் பெயர்த்தார். தாரும் புளித்த வெல்லமும் கலந்த அந்த வாடையை என்னால் மறக்க முடியாது. துருப்பிடித்த தகட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்தபடி, "நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும் வாத்தியாரே. பாதித் துருவுல ஒட்டு போட்டா, அது ஒட்டையும் சேத்துத் துன்னுடும்" என்றார். பிறகு புதுத் தகட்டை அளவாக வெட்டி, ரிவெட் அடித்து, சிவப்புப் பெயிண்ட் பூசி மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் வந்து, குனிந்து, விரல் முட்டியால் தரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தட்டினார். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. கண்ணாயிரம் உடனே ரிவெட்டைப் பிடுங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னோர் இடம். அதற்கடுத்த வாரம் கதவின் அடிப்பக்கம். இப்படியே வருஷக்கணக்கில் போயிற்று.

அவரைப் பெண்டாட்டி கட்டிப் போட்டுவிட்டாள் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். மறியலுக்கு ஆள் திரட்டியபோது அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். உங்களில் ஒருவர் கொல்லைக்கே வந்து கோழை என்று சொன்னார். கண்ணாயிரம் சிரித்துவிட்டு அரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது என்ற செய்தியையும் கொல்லைப்புறத்தில் இருந்தே கேட்டார்.

முனிரத்தினத்தோடு நான் வீட்டுக்குப் போனபோது திருப்பதிக்கு உடனே பஸ் இல்லை. கொல்லையிலிருந்து அந்தக் காரைத்தான் எடுத்தோம். ராஜேஸ்வரி அம்மாள் கதவைத் திறந்து, கீழே பார்க்காமல் இரண்டு காலையும் தரையில் வைத்து உட்கார்ந்தார். சந்திரகிரி தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இது எப்பவோ கெட்டியாயிட்டுது. நான்தான் சொல்லல" என்றார். "தலை ஒடைஞ்சி வந்தாரே, அதுலேர்ந்து எனக்குப் பயம். வேலை முடிஞ்சிட்டா மறுபடி கூட்டத்துக்குப் போய்டுவாருன்னு வாரா வாரம் பொய் சொன்னேன். அவரும் ஏமாந்துக்கினே இருந்தாரு."

எனக்குப் பதில் தெரியும். சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திரும்பி வரும்போது கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து வந்தார். அப்போதும் அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

எல்லைச் செய்தி வந்த அன்று நான் கண்ணாயிரத்தைக் கேட்டிருந்தேன், உண்மையிலேயே இன்னும் துரு இருக்கிறதா என்று. அவர் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "துருவும் இல்ல ஒண்ணும் இல்ல. போவாதன்னு வாய் தொறந்து கேக்கமாட்டா வாத்தியாரே. அதான் தட்டிக்கினு கீறா. கேக்கட்டும். நானும் ஒட்டிக்கினு கீறேன்."

கண்ணாயிரத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தப் பேச்சு ஒன்றுதான். ராஜேஸ்வரி அம்மாள் தெலுங்குப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. இந்த மலர் அவர் கைக்குப் போனால் கணவரின் படத்தைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடுவார். வாசிக்கிற நீங்கள் யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். கண்ணாயிரம் ஏமாறவில்லை என்று நானே சொல்ல வேண்டும்.