பத்தேகாலுக்குப் போட்ட ஓட்டு

செஞ்சிக்கு வெளியே, அனந்தபுரம் போகும் சாலையில் நிற்கும் வானொலிக் கோபுரத்தில் தனகோட்டிக்கு வேலை. அந்தக் கோபுரத்தின் சக்தி லேசுப்பட்டதல்ல. தொண்டூர்க் குன்றில் பாறையில் வெட்டிய சமணர் படுக்கையில் காதை வைத்தால் காலைச் செய்தி கேட்கும். நானே படுத்துக் கேட்டிருக்கிறேன். வானிலை மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

இருபத்தாறு வருடமாக தனகோட்டி, மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து, லாக் புக்கில் டிக் அடித்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போடுவான். கையெழுத்தில்லாத டிக் அங்கே செல்லாது. வீட்டுக் காலண்டரில் சிலிண்டர் வந்த நாளுக்குக்கூட நேரம் போட்டுக் கையெழுத்திடுவான். கோபுரத்து ஆட்கள் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு.

போன வருடம் சின்னக் கோபுரங்களை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. மூடினால் மூன்று நாள் ரயிலில் போகிற ஊருக்கு மாற்றல். தனகோட்டியின் மனைவி மாரியம்மாள் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. அவளைத் திருப்பிப் படுக்க வைக்க அவனை விட்டால் ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான், நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஓரிடத்துக்கு ஊழியர்களே ஆள் தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. கோபுரங்களை மூட விடமாட்டேன் என்று பொறியாளர் ஜெயஸ்ரீ நின்றாள். எதிரே தலைமை அலுவலகத்துக் கலியபெருமாள். செல்போன் இருக்கும்போது கோபுரம் எதற்கு என்பது அவர் கட்சி.

"போர்டுல பன்னெண்டு பேரு. நம்மாளு ஒருத்தி போயி இன்னா கிழிச்சிடப் போறா?" என்றான் கூட வேலை செய்யும் சேரன்.

"கதவ சாத்திக்கினு நம்மள மூடறதப் பத்திப் பேசுவானுங்க. உள்ள நம்ம ஆளு ஒண்ணு வேணாமாடா?"

"ஒத்த ஆளு டீ குடிச்சிட்டு வரும்ணா."

"குடிச்சிட்டு வரட்டும். இன்னா பேசினானுங்கன்னாவது சொல்லும் இல்ல?"

ஓட்டுப்பெட்டி ஜீப்பில் வந்தது. சேரனும் போட்டான். தனகோட்டி ஜெயஸ்ரீ பெயருக்கு நேராக அழுத்தி டிக் அடித்தான். அன்றிரவு மாரியம்மாளுக்குக் கஞ்சி ஊட்டும்போது சிரித்துக்கொண்டே இருந்தான்.

எண்ணி முடித்த அன்று ஜெயஸ்ரீ போன் செய்தாள்.

"ஏழு ஓட்டுல போச்சுண்ணே. பதினோரு ஓட்டு செல்லாதுன்னுட்டாங்க. ரகசிய ஓட்டுல யாராச்சும் நேரம் எழுதி கையெழுத்துப் போடுவாங்களா? பதினொண்ணும் நம்ம கோபுரத்து ஆளுங்க!"

தனகோட்டி கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டது அவனுக்கு நினைவே இல்லை.

மூடும் தீர்மானம் போர்டுக்குப் போக நான்கு நாள் இருந்தது. வாழ்நாளில் பொய் சொல்லத் துணியாதவன், கலியபெருமாளுக்கே போன் போட்டான்.

"ஐயா, உங்களுக்குத்தான் ஓட்டு போட்டேன். எங்க கோபுரத்த மட்டும் விட்டுடச் சொல்லுங்க. எம்பொஞ்சாதி படுத்த படுக்கையா இருக்குதுங்க."

"செஞ்சி தனகோட்டிதானே?" என்றார் அவர். "செல்லாத சீட்டையெல்லாம் என்கிட்டயும் காட்டினாங்கப்பா. பத்தேகாலுக்கு அந்தம்மாவுக்குப் போட்டிருக்கற. கையெழுத்து அழகா இருந்தது."

போன் வைக்கப்பட்ட பிறகும் தனகோட்டி அதைக் காதிலேயே வைத்திருந்தான்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் மாரியம்மாள் கட்டிலிலிருந்து.

"பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னா செய்வாரு. நல்ல மனுசன்."

அவன் போய் அவளை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தான். தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது.