கமலவேணியின் வலது கண்

கமலவேணியை அந்தக் கல்லூரி லேப்பில் யாரும் அட்டெண்டர் என்று சொல்லமாட்டார்கள். சம்பளப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கும், அதை விடுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாட்டில் கழுவத்தான் வந்து சேர்ந்தாள். மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கல்லூரி ஹாஸ்டலின் சாக்கடைத் தண்ணீர் பிடித்து வைத்த பாட்டில்களை முகம் சுளிக்காமல் கழுவிய முதல் ஆள் அவள்தான். ஒருநாள் மைக்ராஸ்கோப்பைத் துடைக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

சாக்கடைத் தண்ணீரை மருந்து போட்டுத்தான் சுத்தம் செய்கிறார்கள் என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. தொட்டியில் காற்றை ஊதினால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் பெருகி அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்து, கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்த உயிர்களுக்குப் புத்தகத்தில் வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. கமலவேணி தானே பெயர் வைத்தாள். காம்பில் மணி மாதிரி ஆடுவது மணிப்பூச்சி. வாயில் சக்கரம் சுற்றுவது சக்கரப்பூச்சி. இவை இரண்டும் இருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நூல்பூச்சி மட்டும் ஆகாது. அது நீளநீளமாக வளர்ந்து கட்டிகளைப் படியவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது மிஞ்சிவிட்டால் கசடெல்லாம் தெளிந்த தண்ணீரோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும்.

இதையெல்லாம் படித்தவர்களைவிட அவள் சுருக்கமாகச் சொல்வாள். வெளியூரிலிருந்து யாராவது லேப்பைப் பார்க்க வந்தால் பேராசிரியர் எழிலரசன், "எங்ககிட்ட ரெண்டு மைக்ராஸ்கோப் இருக்கு. ஒண்ணு மேசை மேல, இன்னொண்ணு இவங்க" என்று அவளைக் காட்டுவார். கமலவேணி தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்கவா வேண்டும். அவள் ஸ்லைடைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் பார்ப்பதில்லை. அந்த லேப்பில் அதுவே வழக்கமாகிப்போனது.

இன்னொரு சங்கதி இருந்தது. ஆறு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. வீட்டுக்காரர் ராஜவேலுக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், லேப்பில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. சொன்னால் பாவம் பார்ப்பார்கள், அதைத் தூக்காதே இதைத் தொடாதே என்பார்கள் என்று ஒரு வீம்பு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று வாங்கித் தின்றுவிடுவாள். மாத்திரையும் நினைத்தால் உண்டு, நினைக்காவிட்டால் இல்லை.

ஜாஸ்லின் வந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. பக்கத்தில் சாரம் என்கிற ஊர்ப் பெண். சிவில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் சோதனைத் தொட்டிகளில் ஒன்று அவளுடையது. காற்றூதியை நாள் முழுக்க ஓட்டாமல் சில மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கரண்டும் மிச்சமாகும், தண்ணீரும் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்பது அவள் ஆராய்ச்சி. காற்று குறைந்தால் நூல்பூச்சி தலைதூக்கும் என்பதுதான் அதில் உள்ள பயம். அதனால் திங்கள், வியாழன் இரண்டு நாளும் கமலவேணி ஸ்லைடு பார்த்து எழுதவேண்டும். பத்து மாதம் தொட்டி தங்கமாக ஓடியது.

ஐப்பசி மழை பிடித்த வாரம் கமலவேணி முதல்முதலாக ஒரு நூலைப் பார்த்தாள். 'நூல்பூச்சி, லேசாக' என்று எழுதினாள். அடுத்த வாரம் இரண்டு மூன்று. அதற்கடுத்த வாரம் ஒரு கொத்து. ஜாஸ்லினுக்கு முகம் வாடிவிட்டது.

"ஆனா ஜாடியில எடுத்து வெச்சா கசடு நல்லாதானே படியுதுக்கா. அரை மணி நேரத்துல அடிக்குப் போயிடுது."

"நூல் மொதல்ல வரும்மா. படியாமப் போறது அப்புறமா வரும்" என்றாள் கமலவேணி. பொய் இல்லை, அப்படியும் நடப்பதுண்டு.

பொய் வந்தது அதற்குப் பிறகு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு வியாழக்கிழமை சாக்கடை வைக்காத ஸ்லைடு ஒன்று, வெறும் சுத்தமான தண்ணீர் வைத்தது, கைமாறி மைக்ராஸ்கோப்பில் ஏறிவிட்டது. அதிலும் நூல் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தாள். மறுபடியும் தெரிந்தது. கண்ணை இடதுபக்கம் திருப்பினால் நூலும் சற்றுத் தாமதித்துப் பின்னாலேயே வந்தது. அது ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப். பன்னிரண்டு வருஷமாக அவள் வலது கண்ணால்தான் பார்த்துப் பழக்கம். இப்போது இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். வெளிச்ச வட்டம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

தொட்டியின் ஸ்லைடை எடுத்து வைத்து இடது கண்ணால் பார்த்தாள். மணிப்பூச்சி ஆடிக்கொண்டிருந்தது. சக்கரப்பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது. நூல் மருந்துக்குக்கூட இல்லை.

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். ஜாஸ்லின் பத்தடி தூரத்தில் ஜாடி கழுவிக்கொண்டிருந்தாள். ஆனால் என்னவென்று சொல்வது? கண்ணில் கோளாறு என்றால் எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். சர்க்கரை வெளியே வரும். நான்கு வாரம் எழுதியது தப்பு என்றாகும். அப்புறம் யார் அவளை மைக்ராஸ்கோப் பக்கம் விடுவார்கள்? பழையபடி பாட்டில் கழுவத்தான் போகவேண்டும். அடுத்த வாரத்திலிருந்து இடது கண்ணால் பார்த்து, மெதுவாகக் குறைத்து எழுதிக்கொண்டே வந்தால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டாள். திடீரென்று இல்லை என்று எழுதினால் சந்தேகம் வருமே. அதனால் வாராவாரம் ஏறிவந்த கணக்கையொட்டி அன்றைக்கு 'நூல்பூச்சி மிக அதிகம்' என்று எழுதிவிட்டாள்.

ஜாஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்லைடை வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேக்கா. மணிப்பூச்சிதான் தெரியுது."

"உனக்குப் பழக்கம் பத்தாது. பாக்கப் பாக்கத்தான் தெரியும்" என்றாள் கமலவேணி.

அந்தப் பெண் சரி என்று தலையாட்டியது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கமலவேணிக்கு லீவு. நூல்பூச்சி மிஞ்சினால் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொல்வது உண்டு. மிக அதிகம் என்று எழுதியிருந்ததால் ஜாஸ்லின் அளவையும் கூட்டித்தான் ஊற்றினாள். கொல்வதற்கு நூல்பூச்சி இல்லாத தொட்டியில் பிளீச்சிங் வேறு எதைக் கொல்லும்?

திங்கட்கிழமை கமலவேணி வரும்போது தொட்டித் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. நாற்றம் ஹாஸ்டல் மெஸ் வரைக்கும் அடித்தது. ஸ்லைடை இடது கண்ணால் பார்த்தாள். அசைவே இல்லை. பத்து மாதத்துத் தொட்டி போயே போய்விட்டது. ஜாஸ்லின் தொட்டி மேட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எழிலரசன் வந்து பார்த்துவிட்டு, "அளவு தெரியாம ஊத்தலாமா" என்று மட்டும் கேட்டார். ஜாஸ்லின், "என் தப்புதான் சார்" என்றாள். கமலவேணி அங்கேயே நின்றிருந்தாள். உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாட்டில்களை எடுத்து இன்னொரு தரம் கழுவினாள்.

அதற்கப்புறம் எட்டாவது நாள் காலை பல் விளக்கும்போது வலது கண்ணில் கறுஞ்சிவப்பாக ஒரு திரை இறங்கியது. ராஜவேல் பதறிப்போய் ஆட்டோ வைத்து அழைத்துக்கொண்டு போனார்.

கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் கண்பாவையை விரியவைத்து, மோவாயை ஒரு பட்டையில் வைக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து லென்ஸ் வழியாக அவள் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்தே பழகிய கமலவேணிக்கு இப்போது பார்க்கப்படும் இடத்தில் உட்காரக் கூசியது.

"சர்க்கரையால கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் மொளச்சிருக்கு. அது கசிஞ்சிருக்கு. நூல் மாதிரி எதாச்சும் ஓடுச்சா, எத்தன நாளா?"

"இப்பதான் ரெண்டு நாளா" என்றாள் கமலவேணி. டாக்டரிடமும் பொய். பழகிவிட்டால் வாய் அதுபாட்டுக்குச் சொல்கிறது.

"ஒரு மாசத்துக்குக் குறைஞ்சு இருக்காதே" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நூல் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. லேசர் வெச்சா இனிமே கசியாம பாத்துக்கலாம். போன பார்வைய லேசர் கொண்டு வராது. அதையும் தெரிஞ்சுக்குங்க."

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு லேசர் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் நூற்றுக்கணக்கில் பளீர் பளீரென்று அடித்தது. சில இடத்தில் கண்ணின் அடியில் சுருக்கென்று குத்தியது. ஆடாமல் இருங்க, ஆடாமல் இருங்க என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கமலவேணி ஆடவில்லை. குத்துவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இதுவாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜாஸ்லின் மூலக்குளத்து வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை கொய்யாப்பழம். ராஜவேல் அவளை உட்காரவைத்துவிட்டு டீ போட உள்ளே போனார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்.

"உங்களுக்கு சுகர்னு உங்க வீட்டுக்காரரு போன்ல சொல்றவரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. என் பர்த்டேவுக்கு நான்தான ரெண்டு பீஸ் கேக்கு வாயில ஊட்டிவுட்டேன். மனசே கேக்கல எனக்கு."

கமலவேணிக்குக் கையை இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"தொட்டி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அப்படியே கெடக்குது. நான் நிறுத்திக்கலாம்னு இருக்கேன்க்கா. மண்டே சார்கிட்ட லெட்டர் குடுக்கப்போறேன்." ஜாஸ்லின் சிரிக்கப் பார்த்தாள். "ஒரு ஸ்லைடுல நூல் இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியல, எவ்ளோ பிளீச்சிங் ஊத்தணும்னு தெரியல. நான்லாம் பி.எச்.டி. பண்ணி என்னா கிழிக்கப்போறேன்? வீட்லயும் சொல்லிட்டேன்."

உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. கமலவேணி கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம் கூசி இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"லெட்டர் குடுக்காத. தொட்டியில நூல்பூச்சியே இல்ல. என் கண்ணுலதான் இருந்துச்சு. ரத்தம் கசிஞ்சு நூல் நூலா ஓடுனதத்தான் நான் எழுதி வெச்சேன்."

ஜாஸ்லினுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் அப்படியே மாறியது.

"அப்போ தொட்டி நல்லாத்தான் இருந்துச்சா? நிறுத்தி நிறுத்தி ஓட்டுனாலும் நூல் வரலையா?"

"வரல."

"ஐயோ அக்கா." அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "எனக்கு உயிரே வந்துச்சு. திருப்பி ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மாசத்துல நிலைக்கு வந்துடும். நீங்க அழுவாதீங்க. கண்ணுக்குள்ள ரத்தம் வந்தா நீங்க என்னா பண்ணுவீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதோடு விட்டிருக்கலாம். மன்னிப்பு தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. பெண்ணும் படிப்பை விடப்போவதில்லை. நோய் வந்தவள்மேல் யார் குற்றம் சொல்வார்கள்? பேராசிரியரும் பாவம் என்றுதான் சொல்வார். ஜாஸ்லின் சொன்ன அந்த வார்த்தையைக் கமலவேணி ஒருகணம் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஆமாம், எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெண் கமலவேணியின் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள் கமலவேணி.

ஜாஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வியாழக்கெழம எடது கண்ணால பாத்தேன். ஒண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் மிக அதிகம்னு எழுதுனேன். சுகர் வெளிய தெரிஞ்சிடும், என்னை மைக்ராஸ்கோப்ப தொட வுடமாட்டாங்கன்னுட்டு. அப்புறம் நீ வந்து பாத்த. மணிப்பூச்சிதான் தெரியுதுன்ன. நீ பாத்ததுதான் சரி. உனக்குப் பழக்கம் பத்தாதுன்னு சொன்னேனே, அப்பவே எனக்குத் தெரியும்."

ஜாஸ்லினின் கை மெதுவாக நின்றது. பிறகு தன் மடிக்குத் திரும்பிப் போனது.

"ரெண்டு வாரமா எனக்கு மூளையே இல்லன்னு நெனச்சிகிட்டு இருந்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நைட்டெல்லாம் ஸ்லைடு போட்டோ போட்டோவா பாத்துகிட்டு இருந்தேன், எனக்கு மட்டும் ஏன் தெரியலன்னு. நீங்க சொன்னதால."

மன்னிச்சிடும்மா என்று கமலவேணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்கவும் தகுதி வேண்டும் என்று தோன்றியதால் விழுங்கிக்கொண்டாள்.

"ரிஜிஸ்டர்ல எந்தெந்த நாள் தப்புன்னு நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க. சார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்று எழுந்தாள் ஜாஸ்லின். "இனிமே ஸ்லைடு நான் பாத்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வரேன்க்கா என்று சொல்லவில்லை. கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ராஜவேல் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"டீ குடிக்காமகூட போயிடுச்சா அந்தப் பொண்ணு? நீ ஏன் அழுவுற, கண்ணு வலிக்குதா? டாக்டருக்கு போன் போடட்டுமா?"

"கண்ணு வலிக்கலைங்க" என்றாள் கமலவேணி. "வெக்கமா இருக்குது."