படகுக்குப் பெயர் இருந்தது, என் தம்பிக்கு இல்லை

மூன்று விடயங்கள் எழுதுகிறேன்.
1. நோர்வேயில் கண்ட படம்.
2. அந்த அருங்காட்சியகம் செய்த அவமரியாதை.
3. இன்று தம்பி சொன்னது.

போன மாதம் தம்பியுடன் வடநோர்வேக் கரையோரத்துச் சிறிய அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில், தம்பி நோர்வேக்கு வந்த புதிதில் வேலை செய்த மீன் தொழிற்சாலையின் பழைய படம். அதில் நின்ற ஆறு நோர்வேக்காரருக்கும் பெயர் எழுதியிருந்தார்கள். பின்னால் தெரிந்த படகுக்குக்கூடப் பெயர் இருந்தது. மீன் வெட்டும் கத்தியுடன் நின்ற என் தம்பி மட்டும் "வெளிநாட்டுத் தொழிலாளி".

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வழக்கம்போல வாய் திறக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பயணம் முடிந்து ஊர் திரும்பியபின், இன்று மாலை, நோபல் பார்க்கில் உள்ள என் வீட்டிலிருந்து அந்த அருங்காட்சியகத்தாருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். மனிதனைவிடப் படகு பெரிதா என்று கேட்டிருந்தேன். அனுப்புமுன் தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ஐயோ அண்ணை, அனுப்பிப்போடாதேங்கோ! படம் எடுக்கேக்கை அவங்கள் பேர் கேட்டவங்கள். நான்தான் போட வேண்டாம் எண்டனான்."

"ஏனடா?"

"அப்ப என்ர அகதிக் கேஸ் முடியேல்லை. பேர் வெளியில வந்தா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம்."

"அதை அங்க நிக்கேக்கை சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் ஒண்டும் கதைக்கேல்லையே அண்ணை."

ஆகவே, என் இரண்டாவது விடயம் பிழை. கடிதத்தை அழித்துவிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.